எந்தக் கம்பெனி என்று கேட்கப் போனோம்

எழுபதுகளின் கடைசி. பாடாங் மேஹா என்ற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து நின்ற மாதம். மண்சாலை முழுக்கச் சருகு. ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. காலையில் சைக்கிளில் போனபோது, சருகு நொறுங்கும் ஓசையில் பின்னால் வந்த லோரியின் சத்தம் காதில் விழவில்லை.

அப்புறம் மரங்களைக் கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கிளைகளுக்கு நடுவே வானம் மெல்லச் சுற்றியது. வலியே இல்லை. யாரோ என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "கண்ண மூடாதம்மா, என்னயப் பாரு" என்று சொன்னது தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல் கேட்டது.

இடது தொடை எலும்பு முறிந்திருந்தது. கூலிம் ஆஸ்பத்திரியில் காலில் எடையைக் கட்டித் தொங்கவிட்டு வாரக்கணக்கில் படுக்க வைத்தார்கள். ஜன்னல் திரை காற்றில் உப்பும், அடங்கும். அதையே பார்த்துக்கொண்டு தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் எங்கோ மிதந்தேன். அந்தக் குரல் மட்டும் அடிக்கடி வந்து போகும்.

அதற்குள், தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டும் என் அக்கா, கூலிமில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்திருந்தாள். லோரிக்காரர் செர்டாங்கில் இருப்பவர். இன்சூரன்ஸ் விவரம் கேட்டு வக்கீல் இரண்டு கடிதம் போட்டும் பதில் இல்லை. நான் கைத்தடிகளை ஊன்றி நடக்கத் தொடங்கிய பிறகு, வக்கீல் ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்:

"வழக்குப் போட்டா இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒடனே நோட்டீஸ் குடுக்கணும்மா. எந்தக் கம்பெனின்னே தெரியலன்னா யாருக்குக் குடுக்குறது? அடிபட்டவங்க கேட்டா லோரிக்காரரு சொல்லியே ஆகணும். அது சட்டம்."

"அப்ப நாங்களே போய்க் கேக்குறோம்லா" என்றாள் அக்கா.

அடுத்த வாரம் பஸ் பிடித்துப் போனோம். பலகை வீடு. பக்கத்தில் தகரக் கூரைக்குக் கீழே லோரி நின்றது. நான் அதைப் பார்க்காமல் நடந்தேன். கதவைத் திறந்தவர் என் கைத்தடிகளைப் பார்த்துவிட்டு, "உள்ள வாம்மா" என்றார். அதே குரல்.

"நீங்கதானேண்ணே கண்ண மூடாதன்னு சொன்னது?"

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "கடுதாசி வந்திச்சு. கம்பெனி பேரக் குடுத்தா நாந்தான் தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே, லோரியப் புடிச்சிக்குவாங்களேன்னு பயந்துட்டேன்" என்றார்.

"கம்பெனி பேரச் சொல்றது வேற, தப்ப ஒத்துக்கிறது வேறண்ணே" என்றாள் அக்கா. "யாரு மேல தப்புன்னு கோர்ட்டு பாத்துக்கும். மறைச்சாத்தான் அதுக்குன்னு தனியா கேஸ் வரும்."

அவர் மனைவி உள்ளே போய், காலண்டருக்குப் பின்னால் செருகியிருந்த உறையை எடுத்து வந்தார். "அந்தக் கடுதாசி வந்த நாள்லேருந்து இவரு சரியா சோறு திங்கல. எழுதிக்கம்மா."

எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. கம்பெனி பெயரையும் பாலிசி எண்ணையும் படம் வரைவதுபோல் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து எழுதினேன். காப்பீடு முடியும் தேதியை எழுதும்போது கை நின்றது. விபத்துக்கு இரண்டு வாரம் கழித்து வரும் தேதி. லோரி அந்த இரண்டு வாரம் பிந்தி வந்திருந்தால் இந்தத் தாள் எதற்கும் உதவியிருக்காது.

வக்கீல் கம்பெனிக்கு எழுதினார். நான் நடுச்சாலையில் போனதாக அவர்கள் வாதாடி ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தார்கள். கடைசியில் கோர்ட்டு ஏறாமலே பணம் தர ஒத்துக்கொண்டார்கள். வந்ததில் ஒரு தையல் மெஷின் வாங்கினேன். கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டதால் இன்றும் சாய்ந்துதான் நடக்கிறேன்.

அன்று நாங்கள் கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டு விடுறேன், ஏறுங்க" என்றார் லோரிக்காரர். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். என்னை இருவரும் சேர்ந்து தூக்கி லோரியில் ஏற்றினார்கள்.

அந்த உயரத்திலிருந்து சாலை ஆறுபோலத் தெரிந்தது. இரண்டு பக்கமும் செம்பனை மட்டைகள் மழையில் அசைந்தன. முன்னால் ஒரு பெண் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தாள். அவர் ஹாரன் அடிக்கவில்லை. அவள் தோட்டத்துக்குள் திரும்பும்வரை, நடக்கும் வேகத்தில் பின்னாலேயே ஓட்டினார். எனக்குத் தூக்கம் வந்தது.