எனக்கே விளங்குகிற இங்கிலீசு

கண்டியில் கோர்ட்டுக்கு எதிரே, மரத்தடியில் ஒரு மேசையும் கதிரையும் போட்டு, இங்கிலீசு தெரியாதவர்களுக்குப் பெட்டிசம், அதாவது மனு, எழுதிக் கொடுத்துப் பிழைத்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அது மானமுள்ள தொழில்தான். ஆனால் அந்தத் தொழிலில் ஒரு பாழாய்ப்போன வழக்கம் இருந்தது. எழுதியதை உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். கேட்பவனுக்கு இங்கிலீசு தெரியாது, சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் தெரியாது. ஆனாலும் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது அவர்கள்தான்!

ஒரு மழைக்காலத்தில் தேயிலை ஸ்டோர் ஒன்றில், அதாவது தேயிலை அரைக்கும் ஆலையில், வேலை செய்த ஆள் வந்தான். கடுகண்ணாவையில் அவன் அக்கா செத்துப்போனாள். கணக்கப்பிள்ளை வாய்ச்சொல்லாக லீவு கொடுத்தார், இவன் போய் அடக்கம் செய்துவிட்டு வந்தான். வந்து பார்த்தால், நான் எங்கே லீவு கொடுத்தேன் என்று கணக்கப்பிள்ளை கையை விரித்துவிட்டார். வேலை போயிற்று. தொழிலாளர் குடியிருக்கும் ஸ்டோர் லயத்தில் இருந்த அறையையும் மாத முடிவுக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் பிள்ளை பெற்ற பெண்சாதி.

எனக்கு வயிறு எரிந்தது. அக்கா இறந்தாள், லீவு கேட்டேன், கிடைத்தது, போனேன், வேலையைத் திருப்பித் தாருங்கள் என்று ஸ்டோரின் வெள்ளைக்காரத் துரைக்குப் பச்சைத் தண்ணீர் மாதிரி எழுதி வாசித்தேன். அவன் முகம் வாடிவிட்டது.

“என்னங்கய்யா, சிஸ்டருங்கிறீங்க, லீவுங்கிறீங்க... எனக்கே வெளங்குதே!”

“வெளங்கினா நல்லதுதானேய்யா!”

“எனக்கே வெளங்குற இங்கிலீசு தொரகிட்ட எப்படிங்க எடுபடும்?”

தன் காணி வழக்குக்காகத் திகனயிலிருந்து வந்து நின்ற ஒரு முஸ்லிம் வியாபாரியும் சேர்ந்துகொண்டார். “அந்த மனிசன் சொல்றது சரிதானே. கொஞ்சம் கனமாப் போட்டுக் குடுங்களேன்.”

ஊரோடு ஒத்து வாழ் என்பார்கள். ஒத்து வாழ்ந்தேன், நாசமாய்ப் போக! சீமைக்குத் திரும்பிப் போன ஒரு தோட்டத்துத் துரையின் சாமான் ஏலத்தில் எடுத்த தடித்த அகராதி என்னிடம் இருந்தது. லத்தீன் வேர்கள் எல்லாம் அதில் உண்டு. ஏழை என்பதற்கு ‘இம்பெக்கூனியஸ்’ போட்டேன். பெக்கூனியா என்றால் பணம், அதற்கும் அடியில் பெக்கூஸ், மாடு. பழந்தமிழிலும் மாடு என்றால் செல்வந்தானே. ஆக, மாடில்லாதவன். துரைக்கு ‘மேக்னானிமஸ்’. பிரித்தால் மகா ஆத்மா. அடக்கம் என்ற இடத்தில் ‘ஒப்செக்வீஸ்’. அதன் வேருக்குப் பின்தொடர்தல் என்று பொருள். பிணத்தின் பின்னால் போவதற்கும் துரைமாரின் பின்னால் வாலாட்டிக்கொண்டு போவதற்கும் அதே வேரிலிருந்துதான் சொல் பிறந்திருக்கிறது. அந்த ஒரு விஷயத்துக்காக ரோமாபுரிக்காரனை மெச்சினேன்.

பொருள் கிடைத்தது, உச்சரிப்புக்கு எங்கே போவது? அகராதியில் எழுத்துகளின் தலையில் கோடும் புள்ளியும் இருந்தன. அவற்றுக்கு விளக்கம் சொல்லும் முதல் பக்கங்களைக் கறையான் தின்றிருந்தது. குத்துமதிப்பாக வாசித்தேன். அடுத்த மேசையில் பெட்டிசம் எழுதும் யாழ்ப்பாணத்துக்காரர் எழுந்தே வந்துவிட்டார்.

“என்ன ஐசே, இம்பெக்கூனியஸ் எண்டு வாசிக்கிறீர்? இம்பிக்கியூனியஸ் எண்டெல்லோ சொல்லவேணும்!”

“உங்களுக்கு லண்டன்ல இருந்து தந்தி வந்துச்சோ?”

“ஓம், எங்களுக்கு வெள்ளைக்காரப் பாதிரியார் படிப்பிச்சவர். உமக்கு ஆர் படிப்பிச்சது?”

காது சிவக்கும்வரை கத்தினோம். அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும் என்று உள்ளுக்குள் தெரிந்தது எனக்கு இன்னும் எரிச்சல். திகன வியாபாரி மட்டும் திருப்தியாகத் தலையாட்டினார். “எழுதுற ரெண்டு பேருக்கே வாயில சரியா வருதில்லையே. அப்ப நல்ல சாமான்தான்.” ஸ்டோர்க்காரன் முகம் மலர்ந்தது. பெட்டிசத்தை மடித்து மடியில் கட்டிக்கொண்டு, என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

மாதக் கடைசியில் திரும்பி வந்தான். கண் உள்ளே போயிருந்தது.

“தொர படிச்சாருங்க. படிச்சுப் படிச்சுச் சிரிச்சாரு. தொரசாணி அம்மாவையும் கூப்பிட்டு வாசிச்சுக் காட்டுனாரு. அப்புறம் கிளாக்கரய்யா தமிழ்ல சொன்னாரு. இந்த மாதிரி இங்கிலீசு எழுதி வாங்குறவன் ஏழையா இருக்க மாட்டானாம். வேல இல்லயாம்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அகராதியைத் தூக்கிக் கண்டி வாவிக்குள் எறியலாம் போலிருந்தது. யார் மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. துரை மேல், கணக்கப்பிள்ளை மேல், வேடிக்கை பார்த்தவர்கள் மேல், எல்லார் மேலும்தான். “உக்காருய்யா” என்றேன். “இப்பவே வேற எழுதுறேன். அக்கா செத்துப்போச்சு, லீவு குடுத்தாங்க, போனேன். அவ்வளவுதான். ஒத்தக் காசு வேணாம்.”

அவன் உட்காரவில்லை. “தப்பு அங்கதாங்கய்யா. நீங்க எழுதுன எல்லாமே தொரைக்கு வெளங்கிருச்சு. அதான் சிரிச்சாரு. அவருக்கே வெளங்காம இருந்திருந்தா கொஞ்சம் பயந்திருப்பாரு. அப்படி ஒண்ணு எழுதிக் குடுங்க.”

“மாட்டேன்! செத்தாலும் மாட்டேன்!”

அவன் கோபப்படவில்லை. “நீங்களும் கைவிட்டுட்டா நான் எங்கங்க போவேன்?” என்று மெல்லச் சொல்லிவிட்டு, அடுத்த மேசையில் போய் உட்கார்ந்தான். யாழ்ப்பாணத்துக்காரர் ஒருமுறை என்னைப் பார்த்தார், பிறகு பேனாவை மையில் தொட்டார். எழுதி முடித்து உரக்க வாசித்தார். அதில் பாதி எனக்கே விளங்கவில்லை. கேட்கக் கேட்க அந்த மனிதன் முகத்தில் தெம்பு வந்தது. மறுநாள் அவன் அறையைக் காலி பண்ண வேண்டும்.