ஹட்டன் கடைச் சம்பல்

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சாப்பாட்டுக்கடையில் மிளகாய் இடித்துச் செய்யும் கட்டசம்பலை நான் ஊரெல்லாம் புகழ்வேன். ஆஸ்பத்திரியில் கிடந்த மனைவிக்கு இடியப்பம் வாங்க வரும் தோட்டத் தொழிலாளி ஒருவர் மட்டும், நனைந்த ஸ்வெட்டரோடு நின்று, தினமும் சம்பல் வேண்டாம் என்பார்.

"நீங்களாவது சாப்பிட்டுப் பாருங்களேன்" என்று நச்சரித்தேன்.

"அவளுக்கு இப்ப உறைப்பு ஆகாதுங்க சார். அவ திங்காம நா எப்புடிங்க? சொகமாகட்டும், ரெண்டு பேருமா வந்து உக்காந்து திங்கிறோம்."

சில வாரங்கள் அவரைக் காணவில்லை. பிறகு ஒரு மத்தியானம் தனியாக வந்து, என் எதிரே உட்கார்ந்து, ரொட்டியும் சம்பலும் கேட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு வாய் வைத்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க சொன்னது நெசந்தாங்க சார். நல்ல உறைப்பு."

அதற்குப் பிறகு அந்தச் சம்பலை நான் யாரிடமும் புகழ்ந்ததில்லை.