ஒரே சீரான ஆட்டம்

மாடி வீட்டில் துணி துவைக்கும் மெஷின் சுற்ற ஆரம்பித்தால் எங்கள் கட்டில் லேசாக நடுங்கும். நான் எழுந்து வாசலில் போய் நின்றுகொள்வேன். மனைவி சிரிப்பாள். அவள் சாந்தன்பாறையைப் பார்த்தவள் இல்லை.

அந்தக் கேரள மலையூரில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் நான் ஃபிட்டராக இருந்தேன். பெயர்தான் பெரிது, பாதி நாள் கிரீஸ் அப்புகிற வேலை. இலை உலர்த்தச் சூடான காற்றை ஊதும் பெரிய விசிறி ஒன்று, தடித்த ரப்பர் கட்டைகள்மேல் உட்கார்ந்திருக்கும். கிளப்பும்போது ஒரு குலுக்கு குலுக்கும். வேகம் பிடித்ததும் அடங்கிவிடும். இன்றைக்கும் தேயிலைத் தூள் மணம் மூக்கில் ஏறினால் உள்ளங்காலில் அந்தக் குலுக்கல் வந்துவிடுகிறது.

ஒரு மழைக்காலத்தில், கரண்டு மிச்சமாகட்டும் என்று மேலிடம் விசிறியின் வேகத்தைக் குறைக்கச் சொன்னது. குறைத்த வேகம், கிளம்பும்போது குலுக்குமே, சரியாக அந்த வேகத்தில் போய் நின்றது. கடந்து போகவேண்டிய இடத்தில் தங்கிவிட்டது. ரப்பரும் எண்ணெய் குடித்துக் கெட்டுப்போயிருந்ததால் ஆட்டத்தை வாங்கிக்கொள்ளவில்லை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை; காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரே சீராக ஆடியது. என்ஜினியர் சார் மேசையில் டீ கிளாஸ் தானாக நகரும். விளிம்புக்கு வந்ததும் பிடித்து நடுவில் வைப்பார். எங்களுக்கு அது வேடிக்கை.

சுவருக்கு அந்தப் பக்கம் தூள் சலிக்கும் பெண்கள். மூத்தவர் தங்கம் அக்கா ஒருநாள் வந்து நின்றார்.

“சார், சுவத்துல காரை உதிருது. புள்ளைக உள்ள ஒக்கார பயப்படுதுக.”

சார் கோட்டயத்துக்காரர், பேச்சில் மலையாளம் கலக்கும். “ஆட்டம் கூடுதலாகலையே தங்கம்? பேடிக்காதே. மழை கழிஞ்சு நோக்கலாம்.”

அக்கா அன்றிலிருந்து சுவரோரம் தான் உட்கார்ந்துகொண்டு, மற்றவர்களைக் கதவுப் பக்கம் மாற்றிவிட்டார்.

மழை கழியவில்லை. ஒரு மத்தியானம் விசிறியின் சத்தம் மாறியது. போல்ட் அறுந்து ஒருபக்கம் சாய்ந்து சுவரை இடிக்கிறது. நான் சுவிட்சுக்கு ஓடும்போதே அக்காவின் குரல் கேட்டது.

“வெளிய ஓடுங்கடி! எல்லாத்தையும் போட்டுட்டு ஓடுங்க!”

எல்லாரும் ஓடிவிட்டார்கள். கடைசியாக எழுந்த அக்கா மேல் சுவர் விழுந்தது. வெறுங்கையால் கல்லைப் புரட்டினோம். ஜீப்பில் அவர் தலையை என் மடியில் வைத்திருந்தேன். “புள்ளைக வெளிய வந்துருச்சுகளா?” என்று கேட்டார். வந்துவிட்டார்கள் என்றேன். ஆஸ்பத்திரி வாசல்வரை மூச்சு இருந்தது.

போன வருஷம் அந்தப் பக்கம் போனேன். ஃபேக்டரி இல்லை, நாங்கள் குடியிருந்த லயங்கள் இல்லை. சலிக்கும் அறை இருந்த இடத்தில் ரிசார்ட்டின் நீச்சல்குளம். தண்ணீர் அசையாமல் கிடந்தது. காவலுக்கு நின்றவர் போடிக்காரர். தங்கம் அக்கா வீட்டார் எங்கே போனார்கள் என்று கேட்டேன்.

“இங்க ஃபேக்டரி இருந்துச்சாண்ணே?” என்றார் அவர்.