பின் சீட் இல்லாத வண்டி

சுஸாகாவில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த ஷோஸாபுரோவோடு பிறந்தவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிஞ்சியவள் கடைசித் தங்கை தோமே. நாகானோவில் வாக்கப்பட்டு, காது கொஞ்சம் மந்தமான கென்கிச்சியோடு குடித்தனம் நடத்துகிறவள். ஷோஸாபுரோவுக்குப் பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் ஃபுசாயே, இளையவன் கத்ஸுமி. சோயா விழுதான மிசோ தயாரிக்கும் ஆலையில் இவனுக்கு வேலை, நாற்பத்து நாலு வயது, கல்யாணம் ஆகவில்லை. இது அவன் கதை.

அப்பா செத்தபோது கத்ஸுமி பங்காகக் கேட்டது வண்டி ஒன்றைத்தான். பதினெட்டு வருஷத்து வெள்ளைச் சின்னக் கார். பின் கண்ணாடியில் தோமே அத்தை கோயிலிலிருந்து வாங்கி வந்து தன் கையால் ஒட்டிய காப்புச் சீட்டு இருந்தது. தங்கையும் மாப்பிள்ளையும் வரும்போதெல்லாம் ஷோஸாபுரோ ஸ்டேஷனுக்குப் போய் இரண்டு பேரையும் பின் சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிவருவார். முன் சீட்டில் திராட்சைக் கூடை இருக்கும்.

கத்ஸுமி அந்த வண்டியைச் சும்மா விடவில்லை. மலையடியில் ஒரு சின்னப் பந்தயப் பாதை உண்டு. ஞாயிற்றுக்கிழமை யார் வேண்டுமானாலும் போய் ஓட்டலாம். முதலில் பிரேக் கட்டையை மாற்றினான். அப்புறம் பாதி தேய்ந்த நல்ல டயர் நாலு. அப்புறம் குட்டை ஸ்பிரிங், இரண்டு தோளையும் கட்டும் பெல்ட் வைத்த பந்தய சீட், பழைய இரும்புக் கடையில் கிடைத்த புகைக்குழாய். அந்தக் குழாய் போட்டபின் வண்டி அடித்தொண்டையில் உறும ஆரம்பித்தது. அவ்வளவு செய்தும் ஒரு சுற்றுக்கு நாற்பத்தாறு நொடி. நாற்பத்தைந்துக்குக் கீழே வரவே மாட்டேன் என்றது.

பழைய இரும்புக் கடை ஈசுகாதான் வழி சொன்னான்.

"இன்ஜினுக்குச் செலவு பண்ண நமக்கு வக்கு ஏதுடா? சுமையைக் குறை. அது ஓசி. பின்னாடி யாரு உக்கார்றா? உனக்குப் பொண்டாட்டியா, புள்ளையா?"

அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. உண்மைதானே என்றும் பட்டது. ஈசுகாவின் கொட்டகையிலேயே பின் சீட்டைக் கழற்றினார்கள். சத்தத்தை அடக்கத் தரையில் ஒட்டியிருந்த தார்ப் பட்டையை மீன் கடையில் வாங்கிய உலர்பனிக்கட்டி வைத்து உறையவைத்துச் சுத்தியலால் தட்டினார்கள். ஓடு ஓடாகப் பெயர்ந்து வந்தது. வண்டியின் பதிவுக் காகிதத்திலும் இருவர் வண்டி என்று முறையாக மாற்றிக்கொண்டான். கழற்றிய பின் சீட்டை ஈசுகாவிடமே விட்டுவந்தான். அது மற்ற இரும்போடு நசுங்கிப் போயிற்று.

அடுத்த ஞாயிறு நாற்பத்து நாலரை. பழைய சின்ன வண்டிகளில் மூன்றாவது இடம். மரப்பலகை ஒன்று கொடுத்தார்கள். பிறந்ததிலிருந்து கத்ஸுமி எதிலும் மூன்றாவதாகக்கூட வந்ததில்லை. பலகையைச் சாமி மாடத்தில் அப்பா படத்துக்குப் பக்கத்திலேயே வைத்தான்.

அக்டோபரில் அப்பாவின் மூன்றாம் ஆண்டுச் சடங்கு வந்தது. ஃபுசாயே போன் பண்ணினாள்.

"டேய், அத்தையையும் மாமாவையும் நீ ஸ்டேஷன்ல போய்க் கூட்டிட்டு வந்துடு. எங்க வண்டி நிறைய சாப்பாட்டுப் பெட்டி. மாமாவுக்கு முட்டி வேற சரியில்ல."

அப்பா வண்டியை என்ன செய்து வைத்திருக்கிறான் என்று சொந்தத்தில் ஒருவருக்கும் தெரியாது.

"வண்டி ஆய்வுக்குப் போயிருக்குக்கா. சடங்குக்குள்ள வராது."

"சரி விடு, பஸ்ல வரச் சொல்றேன். நீ மட்டும் நேரத்துக்கு வந்து தொலை."

ரயிலில் போயிருக்கலாம். ஆலையில் காலை ஷிஃப்ட் முடியத் தாமதமாகிவிட்டது. வண்டியிலேயே போய், கோயிலுக்குக் கீழே காசு போட்டால் அரிசி தீட்டித் தரும் இயந்திரக் கொட்டகைக்குப் பின்னால் மறைத்து நிறுத்தினான். கறுப்பு டையைச் சரிசெய்துகொண்டு மேட்டில் நடந்து ஏறினான். கொஞ்ச நேரத்தில் அத்தையும் மாமாவும் பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள்; மாமா கோயில் வாசல் படியில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டார்.

மந்திரம் முடிந்தது. சாம்பிராணி போட்டார்கள். கல்லறைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். தோமே அத்தை ஊறுகாயைக் கடித்தபடி கேட்டாள்.

"ஏன்டா கத்ஸுமி, இப்பல்லாம் அரிசி கொட்டகைக்குப் பின்னாலயா வண்டி ஆய்வு நடக்குது?"

"என்ன அத்தை?"

"பஸ்ல வர்றப்ப பாத்தேன். என் காப்புச் சீட்டு ஒட்டுன வண்டி. சிவப்பு மை, ஓரம் கிழிஞ்சது. நான் கோணலா ஒட்டுனேன்னு உங்கப்பன் திட்டுனது அது."

ஃபுசாயேயின் புருஷன் சிரித்துவிட்டான். ஃபுசாயே சிரிக்கவில்லை. கத்ஸுமியின் காதிலிருந்து கழுத்து வரைக்கும் சுட்டது. கிண்ணத்தை வைத்தவன் திரும்ப எடுக்கவில்லை.

"கூட்டிட்டுப் போய்க் காட்டு. எங்கண்ணன் வண்டிய நானும் பாக்கணும்," என்றாள் அத்தை.

அத்தை, மாமா, அவன் மூன்று பேரும் மேட்டிலிருந்து இறங்கினார்கள். மாமாவை அவசரப்படுத்தாமல் கத்ஸுமி கூடவே நடந்தான். கொட்டகைக்குப் பின்னால் போய்க் கதவைத் திறந்தான். உள்ளே பின்பக்கம் வெறும் தகரம். தார் பெயர்ந்த தடம் கறுப்புத் தேமலாகத் தெரிந்தது.

அத்தை குனிந்து பார்த்தாள். கையை உள்ளே விட்டுத் தகரத்தைத் தொட்டாள்.

"பின் சீட்டு எங்க?"

"எடுத்துட்டேன் அத்தை. கனம் குறைஞ்சா வேகமாப் போகும்."

"எவ்வளவு?"

"ஒன்றரை நொடி."

அவள் அதைப் புருஷன் காதுக்கிட்டே போய் உரக்கச் சொன்னாள். "ஒன்றரை நொடியாம்! நாம ரெண்டு பேரும் இல்லேன்னா."

"நல்லாத்தானே இருக்கு," என்றார் மாமா. எது நல்லாயிருக்கிறது என்று சொல்லவில்லை. "தோமே, நீ முன்னால உக்காந்து போ. நான் பஸ்ல வர்றேன்."

"வேணாம். இவனுக்குக் கனம்," என்றாள் அவள். சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்து நிறுத்தத்தில் போய் நின்றாள். மாமாவும் பின்னாலேயே போனார்.

மன்னிப்புக் கேட்க கத்ஸுமியும் போனான். அவன் பாதி சாலையில் இருக்கும்போதே பஸ் வந்துவிட்டது.

திரும்பி ஓடி வண்டியில் ஏறினான். ஸ்டேஷனில் இறங்கும்போதாவது கேட்கலாம் என்று பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனான். அது நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்றது. இவனும் நின்றான். முந்திப் போக இடம் இருந்தது. போகவில்லை. இரண்டாவது கியரில் குழாய் உறுமிய உறுமலில் பஸ்ஸில் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். பள்ளிப் பெண்கள் இரண்டு பேர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

அத்தை கடைசி வரிசையில், இடது ஓரத்தில், முன்பு அண்ணன் வண்டியில் உட்காரும் அதே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கொண்டையும் கறுப்புக் கிமோனோவின் கழுத்தும் தெரிந்தன. அவள் திரும்பவில்லை. மாமாதான் திரும்பினார். காது மந்தமானவருக்கே கேட்டிருக்கிறது சத்தம். அவர் கண்ணாடி வழியாக மரியாதையாகத் தலை குனிந்தார்.

கத்ஸுமியும் குனியப் பார்த்தான். பந்தய சீட்டின் பெல்ட் இரண்டு தோளையும் இறுக்கிப் பிடித்திருந்தது. முகவாய் மட்டும்தான் நெஞ்சில் பட்டது.