பேச்சியம்மா காட்டின இடம்

பேச்சியம்மா மாத்தளைக்கு மேல ஒரு தோட்டத்துல, நாலாம் நம்பர் மலையில, இருபத்தாறு வருசமாக் கொழுந்து எடுத்தவ. இந்த இருபத்தாறு வருசத்துல என்னதான் மாறல? கம்பெனி மூணு தடவ கைமாறுச்சு. பாதித் தேயிலையப் புடுங்கிட்டு மிளகு வச்சாங்க. எத்தனையோ தொரைமாரு வந்தாங்க, போனாங்க. "எவன் வந்தா எனக்கென்ன? மலை அங்கனயேதானே இருக்கு"ன்னு வாயடிப்பா. அவ வாய்க்கு கங்காணியே பயப்படுவாரு.

புருசன் பழனிமுத்து தம்புள்ளையில காய்கறி மூட்டை தூக்குறவரு. மாசத்துல நாலு நாள்தான் வீட்டுல. அந்தப் பாழாப்போன மழைக்கு லொறி வரத்து நின்னு, வேலையில்லாம மனுசன் லயத்து வீட்டுக்கு வந்திருந்தாரு. சாயந்திரம், மண்ணு சரியலாம்னு எல்லாரையும் ஸ்கூலுக்குப் போகச் சொன்னாங்க. பேச்சியம்மா மக பிரதீபாவக் கூட்டிக்கிட்டுக் கெளம்பினா. அவரு அசையல.

"நான் பொறக்குறதுக்கு முன்னால இருந்து நிக்கிற மலை. இன்னைக்கா எந்திரிச்சு நடக்கப் போகுது? நீ போ புள்ள."

விடியக்காலம் மலை எந்திரிச்சு நடந்துச்சு. லயம் இருந்த எடம், தண்ணி புடிக்கிற பீலி, பாதை, ஒண்ணும் மிஞ்சல. எங்க பார்த்தாலும் செம்மண்ணு.

ஆறாம் நாள்தான் மண்ணு தோண்டுற பெக்கோ மெஷின் வந்துச்சு. டிரைவர் சிங்கள ஆளு, தங்கமான மனுசன். உடைஞ்ச தமிழ்ல சொன்னாரு: "அம்மா, நாலு மணிக்கு நான் அடுத்த தோட்டத்துக்குப் போகணும். அங்கயும் ஆள் புதைஞ்சிருக்கு. ஒரு எடந்தான் தோண்டலாம். உங்க வீட்டுக் காம்பரா எங்க இருந்துச்சு, சரியாக் காட்டுங்க."

ஆளுக்கொரு பக்கம் கை நீட்டினாங்க. கொழுந்தன் சண்முகராஜா, "இன்னும் மேல இருக்கும் மதினி"ன்னாரு.

"எல்லாரும் வாய மூடுங்க!" பேச்சியம்மா ஒரு அதட்டுப் போட்டா.

ஏன்னா, சேத்துக்கு நடுவுல ஒரு துண்டுத் தேயிலை அப்படியே நிக்கிறத அவ கண்டுட்டா. உள்ள எறங்கி ஒவ்வொரு செடியாத் தொட்டா. பெத்த புள்ள தலையத் தடவுன கைக்குத் தெரியாதா? அவ தினம் கொழுந்து எடுக்குற கோணல் தூரு உள்ள செடி இருந்துச்சு. பக்கத்துலயே, செடிக்குக் கவ்வாத்து வெட்டுறதுக்கு முன்னால பொங்கல் வச்சுக் கும்பிடுற சாமிக்கல்லும் இருந்துச்சு.

"இது நான் கொழுந்து எடுக்குற நிரை. இந்தக் கல்லுல இருந்து நேராக் கீழ அறுபது எட்டு வச்சா எங்க வாசல். கண்ணக் கட்டி விட்டாலும் போவேன்." எண்ணி எண்ணி நடந்தா. நின்னா. "இங்க தோண்டுங்க."

பத்து மணிக்குத் தொடங்கினது. பன்னெண்டு அடி ஆழம். தகரமும் இல்ல, பாத்திரமும் இல்ல. மூணரைக்கு மெஷின் ஏதோ கெட்டியில முட்டுச்சு. சிமெந்துத் தரை. காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக்களத்துத் தரை.

பெரட்டுக்களம் லயத்துக்கு எவ்வளவோ கீழல்ல இருந்துச்சு! அப்போ இந்தத் தேயிலை? நின்ன நெலையிலேயே, ஒரு எல மடங்காம, சரிவோட எறங்கி வந்திருக்கு. சாமிக்கல்லும் சேர்ந்து வந்திருக்கு.

"மேல! ஐயா, மேல தோண்டணும்!"

டிரைவர் மணியப் பார்த்தாரு. அவரு கண்ணும் கலங்கிப் போச்சு. "அங்க ரெண்டு சின்னப் புள்ளைங்க, அம்மா." மெஷின் எறங்கிப் போயிருச்சு.

அவ தேயிலைக்குள்ள பாஞ்சு செடியப் புடிச்சு உலுக்கினா. "வேரு எதுக்குடி வச்சிருக்கீங்க, நாசமாப் போனவளுகளா!" தோட்டத்துக் கோயில் பூசாரி வந்து, "உலகத்துல எதும்மா நெலைச்சுது?"ன்னு ஆரம்பிச்சாரு.

"நெலைக்க வேணாம் சாமி. அவரு கெடக்குற எடமாவது தெரியட்டும்."

சண்முகராஜா தலையக் குனிஞ்சுக்கிட்டே நின்னாரு. பிரதீபா ஓடி வந்து தாயோட கையப் புடிச்சா. அவ உதறிட்டா.

"தொடாத புள்ள. உங்கப்பாவத் தேட ஒரே ஒரு நாள் குடுத்தாங்க. உங்க சித்தப்பன் மேலன்னு சொன்னான். நாந்தான் அவன் வாய அடைச்சேன்."