ஞானபூரணி கேட்ட ஆறு மாதம்

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ரீனா இங்கிலாந்துக்குப் புறப்பட்டாள். மதுரை விமான நிலையம் வரை அவளோடு போனது அக்கா ஞானபூரணி ஒருத்திதான். கண்ணாடிக் கதவருகே வந்ததும் அக்கா தன்னை அறியாமல் உள்ளங்கையைக் கதவின் உலோகச் சட்டத்தில் வைத்து எடுத்தாள். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் போகிறவர்கள் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைக்கவேண்டும். இருபது வருசத்துப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது.

"அக்கா, இது மருந்து ரூம் இல்ல. தொட்டாலும் உன்னை உள்ள விட மாட்டான்" என்று ரீனா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று அழுதுவிட்டாள். அப்போது அவளுக்கு நாலாவது மாதம். நர்ஸ் வேலையும் புருசன் ஜாபஸும் அங்கே காத்திருந்தார்கள்.

"பிள்ளை பெறும்போது நீ வந்திரணும். ஆறு மாசம் எங்கூட இருக்கணும். எனக்கு வேற யாருக்கா இருக்கா?"

"வராம எங்க போகப்போறேன்" என்றாள் ஞானபூரணி.

அவளுக்கும் வேறு யாரும் இல்லை. அம்மா இறந்தபோது ரீனா பாவாடை கட்டத் தெரியாத பிள்ளை. அவளை வளர்த்துப் படிக்கவைத்து நிமிர்வதற்குள், ஞானபூரணியைப் பெண் கேட்டு வந்தவர்கள் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். சாத்தூர் வீட்டில் அன்று சாயங்காலம் ஒருத்திக்கு மட்டும் சோறு வடித்தாள். அளவு தெரியாமல் வழக்கம்போலப் போட்டு, மறுநாளும் அதையே சாப்பிட்டாள்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கம்பெனியில் அவள் போர்மேன். பெண்ணாக இருந்தாலும் அங்கே அதுதான் பெயர். பரீட்சை எழுதி வாங்கிய அவளுடைய சர்டிபிகேட் ஆபீஸ் சுவரில் போட்டோவோடு தொங்கியது. அப்படி ஓர் ஆள் வந்து நிற்காமல் மருந்து அறையைத் திறக்கக்கூடாது. காலையில் வேன் வந்ததும் யார் காலில் கொலுசு, யார் தலையில் ஊக்கு, யார் நைலான் சேலை என்று பார்த்துத்தான் உள்ளே விடுவாள். வெயில் ஏறிவிட்டால் அவள் கையைத் தூக்குவாள். அத்தனை பேரும் வேலையை அப்படியே போட்டுவிட்டு வேப்பமரத்தடிக்கு வந்துவிடுவார்கள்.

பொங்கல் கழிந்து முதலாளி சீனிச்சாமியிடம் கேட்டாள். அவர் கெட்டவரில்லை. உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

"உங்க பேருலதான பூரணியம்மா யூனிட்டே ஓடுது? நீங்க ஆறு மாசம் போயிட்டீகன்னா நானும் பூட்டைப் போட்டுட்டு உங்ககூட பிளேன் ஏற வேண்டியதுதான்."

சம்பளம் வேண்டாம், திரும்பி வந்து இதே வேலையைப் பார்க்கிறேன் என்று சொல்லிப் பார்த்தாள். தீபாவளி வியாபாரம் தொடங்கும் ஆடிப் பதினெட்டுப் பூசைக்குள் சீசன் ஆர்டர் பாதியாவது முடியவேண்டும் என்றார். கடைசியில், "உங்க இடத்துக்கு ஒரு ஆளைத் தயார் பண்ணிக் குடுங்க, பாப்போம்" என்றார்.

வேலையை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். சீசனில் பாதியில் போனவள் என்று பெயர் எடுத்தால் அந்த வட்டாரத்தில் வேறு கம்பெனி சேர்க்காது. அவள் போனால் அறையைப் பூட்டுவார்கள், பெண்கள் வீட்டில் உட்காரவேண்டும். "நீ சீமைக்குப் போயிட்டா எங்க வீட்டு அடுப்புக்கு யாருக்கா போர்மேன்?" என்று மருந்து செலுத்தும் மாடத்தி கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். தங்கச்சிக்கு எத்தனையாவது மாதம் என்று யாரும் கேட்கவில்லை.

முதலாளி சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். ஆபீசில் இருந்த பானுப்பிரியா வேதியியல் படித்த பெண். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவளை வீட்டுக்கு வரவழைத்துப் போர்மேன் பரீட்சைக்குச் சொல்லிக்கொடுத்தாள். மற்ற சாயங்காலங்களில் பிள்ளைக்குச் சட்டை தைத்தாள். எல்லாம் பருத்தி. கொக்கி, ஊக்கு எதுவும் வைக்காமல் நாடா வைத்து முடிகிற மாதிரித் தைத்திருந்தாள். பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது.

ஏப்ரல் கடைசியில் பானுப்பிரியா தேறினாள். ஞானபூரணி காராச்சேவுப் பொட்டலத்தோடு முதலாளி முன்னால் போய் நின்றாள்.

"நல்ல காரியம் பண்ணீகம்மா" என்றார் சீனிச்சாமி, மனம் நிறைந்து. "பக்கத்துல போர்மேன் இல்லாமப் பூட்டிக் கெடக்குல்ல ஒரு யூனிட்டு, அதைத் திறந்திருவோம். அந்தப் பிள்ளை அங்கன, நீங்க இங்கன."

காராச்சேவை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக்கூடாது. கேட்டில் வாட்ச்மேன் செல்லச்சாமியின் பெட்டியில் போட்டுவிடவேண்டும். மே மாதம் ஒரு நாள் சாயங்காலம் போனை எடுத்தபோது ரீனாவும் ஜாபஸும் மாறிமாறிக் கூப்பிட்டிருந்தது தெரிந்தது. பெண்பிள்ளை. பிறந்து அரை நாளாகியிருந்தது.

"அடிச்சுக்கிட்டேதாம்மா கெடந்துச்சு" என்றார் செல்லச்சாமி. "எழவுன்னாத்தான் நான் உள்ள வந்து கூப்பிடுறது. என் தலையைக் கண்டாலே பதறிருவீகன்னு விட்டுட்டேன்."

அவர் சொன்னதும் நியாயம்தான். வேனில் எல்லாரும் ஏறிவிட்டார்கள். அவளும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

அடுத்த வருசமும் கேட்டாள். இந்த சீசன் போகட்டும் என்றார் முதலாளி. ரீனாவுக்கு உதவியாக ஜாபஸின் அம்மா போய் இருந்துவிட்டு வந்தார். 'எப்பக்கா வருவ' என்று கேட்டுக்கொண்டிருந்த ரீனா, 'சாப்பிட்டியா' என்று கேட்க ஆரம்பித்தாள். ஒரு தடவை வீடியோவில் ஞானபூரணி அந்தச் சட்டைகளைத் தூக்கிக் காட்டினாள். அதற்குள் பிள்ளை வளர்ந்துவிட்டிருந்தது, பொம்மைக்குப் போடலாம் என்றாள் ரீனா. பிறகு பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தது. "இப்ப நீ வந்தா பகல் பூரா நீயும் சுவருமாத்தான்க்கா இருக்கணும்" என்றாள். இங்கேயும் அப்படித்தான் இருக்கிறேன் என்று ஞானபூரணி சொல்லவில்லை.

நாலாம் வருசம் ஐப்பசியில், பக்கத்து யூனிட்டில் அனுமதிக்கு மேல் ஆள் வைத்திருப்பதாகப் புகார் போய், அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து சேலை மாற்றப் பீரோவைத் திறந்தவள், அடியில் கிடந்த பாஸ்போர்ட்டை ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். போனில் முதலாளியின் குரல் வந்து விழுந்தது.

"பூரணியம்மா, ரெண்டு யூனிட்டையும் மூடச் சொல்லிட்டாக. மறுபடி திறக்க எப்படியும் ஆறு மாசம் ஆகும்போல. அன்னைக்கு லீவு கேட்டீகள்ல, இப்ப எடுத்துக்கோங்க."