பிரிக்காத பிஸ்கட் டின்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு மறுபடியும் தேர்தல் ஜுரம் வந்திருக்கிறது. காலையில் எழுந்து பார்த்தால் நாற்பது செய்திகள். பாதி அப்பா அனுப்பியவை, பாதி அப்பாவைத் திட்டிச் சித்தப்பா அனுப்பியவை. "அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவன் எப்படிப்பட்ட ஆள் என்று எனக்குத் தெரியாதா?" என்று இருவருமே எழுதுகிறார்கள். எல்லாருக்கும் எல்லாரையும் பற்றித் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் அலுப்பாக இருக்கிறது. ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு மறுபடி படுத்துவிடுவேன். அது யாருக்குப் போட்ட கட்டைவிரல் என்று சொல்வதில்லை. அதனால் இரண்டு பேரும் என்னைத் தங்கள் ஆள் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

வாயைத் திறக்காமல் நல்ல பெயர் வாங்கும் இந்தக் கலை எனக்கு ஒன்பது, பத்து வயதிலேயே கைவந்துவிட்டது. அதற்கு ஒரு பிஸ்கட் டின் காரணம்.

அப்போது மலேசியாவில், கிள்ளானில் ஒரு பிளாட்டின் மூன்றாவது மாடியில் இருந்தோம். ஐந்து மாடி, லிப்ட் கிடையாது. எங்கள் கதவுக்கு நேர் எதிரே இன்னொரு கதவு, நடுவில் ஆறடி நடைபாதை. அந்த வீட்டு அங்கிளுக்கு லிட்டில் இந்தியாவில் துணிக்கடை. தமிழ் முஸ்லிம் குடும்பம். அவரும் ஆன்டியும் மட்டும்தான், பிள்ளைகள் இல்லை. அப்பா துறைமுகத்தில் போர்க்லிப்ட் ஓட்டினார். அம்மாவுக்குக் கையுறை பேக்டரியில் வேலை.

தீபாவளி வந்தால் அம்மா அந்த மாடியில் உள்ள எல்லா வீடுகளுக்கும் தட்டில் முறுக்கும் நெய்யுருண்டையும் வைத்து அனுப்புவார். எதிர்வீட்டுக்கு மட்டும் கடையில் வாங்கிய பிஸ்கட் டின். மூடியைச் சுற்றி டேப் ஒட்டிய, ஹலால் முத்திரை போட்ட டின். ஏன் என்று கேட்டால், "அவங்க நம்ம வீட்டுப் பாத்திரத்துல செஞ்சத சாப்பிட மாட்டாங்கடா. குடுத்து அவங்கள சங்கடப்படுத்தக் கூடாது" என்பார்.

நோன்புப் பெருநாளான ஹரி ராயா வந்தால் அந்த ஆன்டி எங்களுக்கு ஒரு பிஸ்கட் டின் அனுப்புவார். அதற்கு முந்தைய நாள் அவர் வீட்டில் ரெண்டாங் கறியும் கோழிக் குருமாவும் கொதிக்கும் வாசனையில் எங்கள் வீட்டில் யாருக்கும் கணக்குப் பாடம் ஏறாது. ஆனால் வருவது டின்தான். ஒருநாள் நடைபாதையில் பந்து உதைத்துக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாக ஆன்டியின் குரல் கேட்டது. "அவங்க நம்ம வீட்டுச் சட்டியில ஆக்குனத சாப்பிட மாட்டாங்க. நாம குடுத்து ஏன் சங்கடப்படுத்தணும்?"

அம்மா சொன்னதேதான். ஒருவரை ஒருவர் கேட்டிருக்கலாம். கேட்பது மரியாதையாக இருக்காது என்று இருவருமே நினைத்தார்கள்.

வந்த டின்னை அம்மா அலமாரிக்கு மேலே ஏற்றிவிடுவார். ஒரு தீபாவளிக்கு டின்னை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வரும் பொறுப்பு என் கையில் வந்தது. ஆறடி தூரம். அதற்குள் அதைக் கீழே போட்ட பெருமை எனக்கு உண்டு. மூடிக்குக் கீழே கட்டைவிரல் அளவுக்கு ஒரு நசுங்கல். அன்று யாரும் கவனிக்கவில்லை. அடுத்த ஹரி ராயாவுக்கு ஆன்டி அனுப்பிய டின்னில் அதே இடத்தில் அதே நசுங்கல் இருந்தது.

யோசித்துப் பார்த்தேன். அது ஒரே டின். இரண்டு வீட்டுக்கும் நடுவே வருடத்துக்கு இரண்டு முறை நடந்துகொண்டிருக்கிறது. யாரும் பிரிப்பதில்லை, பிரிக்கப்போவதும் இல்லை.

அப்படியென்றால் உள்ளே இருக்கும் பிஸ்கட் யாருக்கு?

அம்மா பிற்பகல் ஷிப்ட் போகும் நாட்களில் நாற்காலி போட்டு ஏறுவேன். டேப்பை நகத்தால் நெம்பி எடுத்து, நாளுக்கு இரண்டு தின்று, மறுபடி ஒட்டிவைப்பேன். நமத்துப்போன பிஸ்கட். எந்த வருடத்துப் பிஸ்கட்டோ தெரியாது. திருட்டுக்கு ருசி அதிகம் என்று யாரோ கிளப்பிவிட்டது பொய். ஆனாலும் தீபாவளி நெருங்குவதற்குள் டின்னைக் காலி செய்துவிட்டேன். கடமையுணர்வு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்த வருடத் தொடக்கத்தில்தான் ஒரு தேர்தல் நடந்து முடிந்திருந்தது. அப்பா எதிர்க்கட்சிக்கு உயிரை விடுகிறவர். அங்கிள் ஆளுங்கட்சியின் கிளைச் செயலாளர். அதுவரை "என்னா பாய்", "வாங்கண்ணே" என்று பேப்பரை மாற்றி மாற்றிப் படித்தவர்கள், கொடி கட்டும் வாரத்தில் எதிரெதிர்க் கம்பிக்கதவுகளில் ஆளுக்கொரு கொடியைக் கட்டிவிட்டுப் பேச்சை நிறுத்தினார்கள். "காசுக்கு விலைபோன ஆளு" என்று அப்பா வீட்டுக்குள் சொல்வார். அங்கிள் தன் வீட்டுக்குள் அப்பாவைப் பற்றி என்ன சொன்னாரோ. தேர்தல் முடிந்து கொடிகள் இறங்கின. கதவுகள் மட்டும் திறக்கவில்லை. எப்போதும் காற்றாடத் திறந்து கிடந்த இரண்டு கதவுகளும் நாளெல்லாம் சாத்தியே கிடந்தன.

அந்தப் பிரச்சார சமயத்தில் அப்பா என்னிடம் ஒரு பெரிய கட்டுத் துண்டறிக்கையைக் கொடுத்து, ஐந்து மாடியிலும் ஒவ்வொரு வீட்டு லெட்டர் பாக்ஸிலும் போடச் சொன்னார். ஆளுங்கட்சித் தலைவரைத் தவளை மாதிரி வரைந்த துண்டறிக்கை. நான் ஒரு மாடி ஏறினேன். கால் வலித்தது. மீதியை என் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "எல்லாம் போட்டாச்சிப்பா" என்றேன்.

காலி டின் லேசாக இருந்தது. கனமாகவும் இருக்க வேண்டும், குலுக்கினால் சத்தமும் வரக்கூடாது. கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். தவளைகள் டின்னுக்குள் கச்சிதமாக அடங்கின. அடியில் கொஞ்சம் இடம் இருந்ததால், நூற்றுக்கு இருபத்தெட்டு வாங்கிய என் கணிதச் சோதனைத் தாளையும் மடித்து வைத்தேன். பெற்றோர் கையொப்பம் கேட்ட தாள். பூமியில் அதைவிடப் பத்திரமான இடம் கிடைக்காது என்று தோன்றியது.

தீபாவளியன்று அம்மா டின்னை எடுத்தபோது அப்பா தடுத்தார்.

"அந்தாளு வீட்டுக்கு எதுக்கு?"

"அரசியல் உங்களோட. பலகாரம் என்னோட" என்று அம்மா கொண்டுபோய்க் கொடுத்தார். ஆன்டி வாங்கிக்கொண்டார். இரண்டு கதவுகளும் சாத்தப்பட்டன. அந்த ஆறடியைத் தாண்டிக்கொண்டிருந்தது அந்த ஒரு டின் மட்டும்தான். அதுவும் அறுந்தால் அப்புறம் ஒன்றும் இல்லை. அதைத்தான் நான் தவளைகளால் நிரப்பியிருந்தேன்.

அடுத்த ஹரி ராயாவன்று அங்கிள் வீட்டில் ஓப்பன் ஹவுஸ், வருகிறவர்களுக்கெல்லாம் விருந்து. கிளையிலிருந்து ஆட்கள் எதிர்பார்த்ததற்கு மேல் வந்துவிட்டார்கள். ஆன்டி செய்த பலகாரம் எல்லாம் தீர்ந்துவிட்டது. டீயோடு வைக்க ஒன்றுமில்லை. ஆன்டி டின்னைப் பிரித்தார்.

எங்கள் கம்பிக்கதவு அதிர்ந்தது. அப்பா திறந்தார். புது பாஜு மெலாயு உடுத்தி, கையில் டின்னோடு அங்கிள் நின்றார். பின்னால் ஆன்டி.

"அண்ணே, இது என்னாண்ணே? தேர்தல் முடிஞ்சி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சி. பெருநாளுக்கும் பிரச்சாரமா? எங்க ஆளுங்க முன்னாடி என் மானமே போச்சி லா!"

அப்பா ஒரு துண்டறிக்கையை எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பினார். அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியதை நான் பார்த்தேன். மாட்டினோம் என்று நினைத்தேன்.

"ஓ... இப்பதான்யா புரியுது" என்றார் அப்பா. "இதெல்லாம் நாங்க லெட்டர் பாக்ஸ்ல போட்டது. ஒண்ணுவிடாம பொறுக்கிட்டுப் போயி ஒளிச்சி வெச்சிருக்கீங்க. நம்ம பிளாட்ல எப்படித் தோத்தோம்னு அன்னிலேருந்து மண்டைய ஒடைச்சிக்கிட்டு இருக்கேன்!"

"நான் பொறுக்குனேனா? இது உங்க வீட்லேருந்து வந்த டின்னு!"

"தொறந்தது உங்க வீட்ல!"

"டேப்பு ஒட்டித்தானே வந்துச்சி?"

"டேப்பு என்னா, கடையில கெடைக்காதா?"

அப்பா என் பக்கம் திரும்பினார். "டேய், நீயே சொல்லு. எல்லாப் பாக்ஸ்லயும் போட்டியா இல்லையா?"

அப்பாவின் ரோத்தான் பிரம்பு குளிர்பெட்டிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து அதன் நுனி தெரிந்தது.

"போட்டேன்பா."

"பாத்தீங்களா!"

"சின்னப் புள்ளைய ஏன் லா இதுல இழுக்கறீங்க, பாவம்" என்றார் அங்கிள்.

அந்த நடைபாதையில் என்னைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றவில்லை. தோன்ற அவசியமும் இல்லை. குற்றவாளி யார் என்று இரண்டு பேருக்குமே ஒன்றரை வருடமாகத் தெரிந்திருந்தது. என்ன குற்றம் என்பதுதான் பாக்கி. அதை நான் டின்னில் அடைத்துக் கொடுத்துவிட்டேன்.

சத்தம் கேட்டு அம்மாவும் வந்தார். அவர் கண் டின்னின் நசுங்கலில் நின்றது. ஆன்டி அதைப் பார்த்தார். பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எத்தனை வருடமாக ஒரே டின்னைக் கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்று இரண்டு பேருக்கும் அந்த நொடியில்தான் தெரிந்தது போல. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பார்கள். அன்று இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கதவுகள் சாத்தியபின் அம்மா கேட்டார். "அவரு ஒளிச்சி வெச்சிருந்தா, அவரே ஏங்க கொண்டாந்து காட்டறாரு?"

"அதான் அரசியல். உனக்குப் புரியாது" என்றார் அப்பா.

மறுநாள் சாயங்காலம் விளையாடிவிட்டுப் படியேறி வந்தபோது எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. ஆன்டி கையசைத்துக் கூப்பிட்டார். கையில் மடித்த தாள். இருபத்தெட்டு.

"டின்னுக்கு அடியில இருந்துச்சி. யாரு கண்ணுலயும் படறதுக்குள்ள எடுத்துட்டேன்."

கையில் சிக்கியதை அந்த ஆட்கள் லேசில் விடமாட்டார்கள் என்று அப்பா சொல்லிச் சொல்லிக் கேட்டிருந்தேன். இதோ, இனி ஒவ்வொன்றாகக் கேட்கப்போகிறார்.

"நான் போயி சொன்னா உங்கப்பா ரோத்தான எடுப்பாரு" என்றார் ஆன்டி. "நீயா போயி சொன்னா அவ்ளோ கோவம் வராது. நீ சொல்லிடு, கண்ணு. அங்கிள்கிட்ட நான் பேசிக்கறேன். சரியா?"

நான் தலையை ஆட்டினேன். அவர் உள்ளே போய் ஒரு தட்டைக் கொண்டுவந்தார். நேற்றுத் தீர்ந்துபோன அன்னாசி பிஸ்கட்டை அன்று மறுபடி சுட்டிருந்தார். தட்டை நீட்டாமல் கொஞ்சம் தயங்கி நின்றார்.

"எங்க வீட்ல செஞ்சது... சாப்பிடுவியா?"

எனக்கு நினைவு தெரிந்து அந்த நடைபாதையில் யாரும் கேட்காத கேள்வி அது. பதிலுக்கு நான் ஐந்து தின்றேன். வாய்க்குள் போட்டதும் கரைந்தது. அத்தனை நாள் நமத்த பிஸ்கட்டைத் தின்ற என் புத்தியை நொந்துகொண்டேன்.

பிறகு வீட்டுக்குப் போய்க் கணிதத் தாளைச் சுக்குநூறாகக் கிழித்துக் கழிப்பறையில் போட்டு இரண்டு முறை தண்ணீர் இழுத்துவிட்டேன். இருந்த ஒரே ஆதாரத்தையும் என் கையிலேயே கொடுத்துவிட்டாரே, இவ்வளவு அப்பாவியாக ஒரு ஆன்டியா என்று சிரிப்பு வந்தது. அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தத் தீபாவளிக்கு அம்மா தட்டுகளை வரிசையாக வைத்தார். ஒரு தட்டு அதிகமாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு எங்கள் வாசல்வரை போனார். அப்பா செய்தித்தாளை மடக்கும் சத்தம் கேட்டதும் திரும்பி வந்து சமையலறையில் வைத்துவிட்டார். வருட முடிவில் எதிர்வீட்டார் சுங்கை பூலோவுக்கு வீடு மாறிப் போனார்கள். லோரியில் சாமான் ஏற்றியபோது அப்பா கீழே இறங்கவில்லை. "போய்த் தொலையட்டும்" என்றார். ஆனால் ஜன்னல் பக்கமே நின்றார்.

அந்தப் பெருநாளிலிருந்து அவர்கள் போகும்வரை மூன்று மாதமும், நான் பள்ளி விட்டு வரும் நேரத்துக்கு ஆன்டியின் கதவு மட்டும் தினமும் திறந்திருந்தது. வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டுப் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருப்பார். படியில் என் காலடி கேட்டதும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பார். பிறகு எங்கள் கதவைப் பார்ப்பார். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டு உள்ளே ஓடுவேன். அந்தப் பக்கம் நல்ல வெயில், காற்றுக்காகத் திறந்து வைத்திருக்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.